வெள்ளரிப்பாளையத்தார் கேண்டில் மாற்றிய கதை

வெள்ளரிப்பாளையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வது கொஞ்சம் சிரமம். ஊர்ப் பெயர்ப் பலகை மழையில் நனைந்து பாழாகிறதே என்று ஊர்க்காரர்கள் அதைப் பிடுங்கி ரேஷன் கடைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ரேஷன் கடையைக் கண்டுபிடித்துவிட்டால் ஊர் எதுவென்று தெரிந்துவிடும்.

அந்த ஊரில் அர்த்தநாரி, சென்னியப்பன், நாச்சிமுத்து என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூத்தவன் அர்த்தநாரிக்குத் தெய்வானை என்ற மனைவியும் பூங்கொடி என்ற மகளும் உண்டு. தம்பிகளுக்கு இன்னும் கல்யாணம் கூடிவரவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணப் புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டார்கள். "இல்லீங்க, நாங்க கையக் கட்டிட்டுத்தானுங்க உக்காந்திருக்கறோம்" என்று சென்னியப்பன் மரியாதையாகப் பதில் சொன்னான். அங்கே ஆரம்பித்த தாமதம்.

குடும்பத்தில் யோசிக்கிற பொறுப்பு அர்த்தநாரியுடையது. கண்ணை மூடிக்கொண்டுதான் யோசிப்பான். சில யோசனைகளுக்கு லேசாகக் குறட்டையும் வரும்.

அந்த ஊர்த் தண்ணீர் உப்பும் கலங்கலுமாக இருக்கும். அதனால் அர்த்தநாரி யோசித்து, பக்கத்து டவுனில் சகாயம் என்பவரின் பாத்திரக் கடையிலிருந்து ஒரு ஃபில்டர் வாங்கி வந்தான். மேலே ஒரு எவர்சில்வர் டிரம், கீழே ஒரு டிரம், நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு கேண்டில். மேலே ஊற்றுகிற தண்ணீர் அந்தக் கேண்டில் வழியாக வடிந்து கீழே இறங்கும்; குழாயைத் திறந்து பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"கேண்டில் சும்மா காலத்துக்கும் உழைக்காதுங்க" என்று சகாயம் சொல்லியனுப்பியிருந்தார். "என்னிக்குப் போட்டீங்களோ அதை ஒரு பேப்பர்ல எழுதி ஃபில்டர் மேல ஒட்டிக்குங்க. அப்பத்தான் எப்ப மாத்தணும்னு தெரியும்."

கேண்டிலைப் போட்டுவிட்டு மூன்று பேரும் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார்கள்.

"இன்னிக்கு என்ன தேதிடா?" என்றான் அர்த்தநாரி.

சுவரில் நாட்காட்டி தொங்கியது. ஆனால் தாளைக் கிழித்தால் நாள் வீணாகிவிடும் என்று அந்த வீட்டில் யாரும் கிழிப்பதில்லை. அது எப்போதோ ஒரு பங்குனியில் நின்றுவிட்டது.

"தேதி தெரியலீங்கண்ணா" என்றான் சென்னியப்பன். "ஆனா இன்னிக்குங்கறது மட்டும் நல்லாத் தெரியுது."

"நேத்தா இருந்துட்டா?" என்று நாச்சிமுத்து சந்தேகத்தைக் கிளப்பினான்.

"நேத்து நாம சந்தைக்குப் போயிருந்தம். இப்ப வூட்ல உக்காந்திருக்கறம். அப்ப இது இன்னிக்குத்தான்."

சந்தேகம் தீர்ந்தது. 'கேண்டில் இன்று போட்டது' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார்கள்.

அன்று முதல் அர்த்தநாரி தினமும் பல் விளக்கிவிட்டு நேரே ஃபில்டரிடம் போவான். 'கேண்டில் இன்று போட்டது' என்று வாய்விட்டுப் படிப்பான். புத்தம் புதுசு என்று திருப்தியோடு ஒரு சொம்பு குடிப்பான். மழைக்காலம் போயிற்று, வெயில்காலம் போயிற்று, மறுபடி மழைக்காலம் வந்தது. அந்த வீட்டுக் கேண்டில் மட்டும் ஒரு நாள்கூடப் பழசாகவில்லை.

தை மாசம் தெய்வானையின் அண்ணன் பொங்கியண்ணன் பொங்கல் சீர் கொண்டுவந்தார். வெயிலில் வந்த களைப்பில் பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டில் உட்காரவே இல்லை. வீட்டுக்கும் சோளக்காட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"தண்ணியில எந்தக் கொறையும் இல்லீங்க மச்சா. பாருங்க, இன்னிக்குப் போட்ட கேண்டிலு" என்று அர்த்தநாரி பேப்பரைக் காட்டினான்.

பொங்கியண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே படித்துப் பார்த்தார். "படிச்சா நல்லாத்தான் இருக்குது மாப்ள. ஆனா வவுத்துக்குப் படிக்கத் தெரியலியே!" என்றார். "இந்தக் கேண்டிலு மாறுற வரைக்கும் உங்கூட்டு வாசப்படிய மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வெளியே போகும்போதே வாசற்படியை மிதிக்காமல் ஒரே தாண்டாகத் தாண்டிப் போய்விட்டார்.

அதுதான் பெரிய சிக்கலாகிவிட்டது. பூங்கொடிக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காராமல் எப்படிக் காது குத்துவது? மாமனோ வருவதாயில்லை, பூங்கொடியோ வளர்ந்துகொண்டே இருந்தாள்.

"இப்படியே போனா எங்கண்ணனத்தான் இவ மடியில உக்கார வெக்கோணும் மாமா" என்று தெய்வானை முந்தானையில் கண்ணைத் துடைத்தாள்.

அவள் அழுது அர்த்தநாரி பார்த்ததில்லை. கண்ணை மூடாமலே யோசித்து, சகாயத்துக்குப் போன் போட்டான்.

"கேண்டில் எப்பப் போட்டீங்க?" என்று சகாயம் கேட்டார்.

"இன்னிக்குங்க."

"இன்னிக்குப் போட்டா இன்னிக்கே எதுக்குங்க மாத்தணும்?"

"அதானுங்க எங்களுக்கும் தெரியல."

சகாயம் பொறுமையாகச் சொன்னார்: "நீங்க தேதியை விட்டுடுங்க. தண்ணி ரொம்ப மெதுவா வந்தாலோ, ருசி மாறினாலோ, வெள்ளையா இருக்கற கேண்டில் பழுப்பானாலோ, உடனே மாத்திடுங்க. அவ்வளவுதான்."

மூன்று பேரும் வரிசையாகச் சோதித்தார்கள். முதலில் வேகம். குழாயைத் திறந்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். சொட்டு... சொட்டு... என்று வந்தது.

"மெதுவா வருதாடா?"

"எதவிட மெதுவாங்கண்ணா?"

அதைச் சகாயம் சொல்லவில்லை. "நம்ம நாச்சிமுத்து வேலைக்குப் போறதவிட வெரசாத்தான் வருது" என்றான் சென்னியப்பன். நாச்சிமுத்துவும் அதை நியாயமாக ஒப்புக்கொண்டான்.

அடுத்து ருசி. சென்னியப்பன் ஒரு மடக்குக் குடித்து, வாய்க்குள் உருட்டி, மேலே பார்த்தான்.

"எப்படிடா இருக்குது?"

"நேத்து மாதிரியேதானுங்க இருக்குது."

"நேத்து எப்படி இருந்துச்சு?"

"முந்தாநேத்து மாதிரியே."

ருசியிலும் குறையில்லை. கடைசியாக மூடியைத் திறந்து கேண்டிலைப் பார்த்தார்கள். அச்சுவெல்லம் மாதிரி இருந்தது.

"பழுப்பாயிடுச்சுங்கண்ணா!" என்று நாச்சிமுத்து கத்தினான்.

"மாத்தோணும்" என்றான் அர்த்தநாரி.

"எப்படி மாத்தறதுங்க?"

அர்த்தநாரி கண்ணை மூடினான். "பழுப்பாயிட்டா மாத்தச் சொன்னாரு. அப்ப பழுப்ப வெள்ளையா மாத்தோணும். வேறென்ன?"

வெள்ளையாக்குவது தெய்வானைக்குத் தெரிந்த வேலை. வேட்டிக்கு எப்படியோ அப்படியே கேண்டிலுக்கும் செய்தாள். சோப்புப் போட்டுக் கும்மினாள், ஒரு ராத்திரி ஊறவைத்தாள், நீலத்தில் முக்கினாள், கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டாள். கேண்டில் பளிச்சென்று ஆகிவிட்டது. மாட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். கீழே இளநீலமாக, நுரையோடு இறங்கியது.

"நீலமா வருதுங்களே அண்ணா?"

"கடல்கூட நீலந்தான்டா. அத யாராச்சும் மாத்தறாங்களா?"

சரிதான் என்று ஆளுக்கொரு டம்ளர் குடித்தார்கள். நாச்சிமுத்து ஏப்பம் விட்டான். வாயிலிருந்து ஒரு சோப்புக் குமிழி கிளம்பி, விட்டத்தைத் தொட்டு உடைந்தது. சென்னியப்பன் மட்டும் நாக்கைச் சப்பிப் பார்த்துவிட்டுத் திடீரென எழுந்து நின்றான்.

"அண்ணா! நேத்து மாதிரி இல்லீங்க! ருசி மாறிடுச்சு!"

மறுபடியும் சகாயத்துக்குப் போன் போனது. ருசி மாறிவிட்டது என்று மட்டும் அர்த்தநாரி சொன்னான். நீலம் போட்டதைக் கேட்டால்தானே சொல்வது?

"அப்பக் கேண்டில் போச்சுங்க. பழசைத் தூக்கி எறிஞ்சுட்டுப் புதுசா ஒரு கேண்டில் வாங்கிப் போடுங்க" என்றார் சகாயம்.

இதில் குழப்பத்துக்கே இடமில்லை. சென்னியப்பன் ஓடிப்போய் மளிகைக் கடையில், "நல்ல கேண்டிலா ஒண்ணு குடுங்க" என்று கேட்டான். கடைக்காரர் நல்ல தடியான மெழுகுவத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஃபில்டரின் ஓட்டையில் அது கச்சிதமாக இறங்கி நின்றது. அளவெடுத்துச் செய்தது போலிருந்தது.

"ஏத்தோணுங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டான்.

மூன்று பேரும் ரொம்ப நேரம் வாதாடினார்கள். ஏற்றினால்தானே அழுக்கு எதுவென்று அதற்குக் கண் தெரியும் என்றான் சென்னியப்பன். ஏற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். அணைந்துவிட்டது. தண்ணீரை ஊற்றிவிட்டு ஏற்றினார்கள். திரி பற்றவில்லை. கடைசியில் ஏற்றாமலே விட்டார்கள். கீழ் டிரம்மில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

"இதத்தான் ரொம்ப மெதுவான்னு சொல்லியிருப்பாரு" என்றான் சென்னியப்பன்.

ஆனால் கேண்டில் மாறிவிட்டது என்று அர்த்தநாரி ஏற்கெனவே மச்சானுக்குச் சொல்லிவிட்டான். அவரும் வருவதாகச் சொல்லி, காது குத்துக்கு நாளும் குறித்து, ஆசாரிக்கும் சொல்லியாகிவிட்டது. இப்போது வீட்டில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. தெய்வானை முகத்தைப் பார்க்கவே அர்த்தநாரிக்குப் பயமாக இருந்தது. காது குத்துக்கு முந்தின நாள் விடிந்ததும் விடியாததுமாக டவுனுக்குப் போய், சகாயத்தின் கையைப் பிடித்துக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தான்.

சகாயம் மூடியைத் திறந்தார். உள்ளே மெழுகுவத்தி. அவர் அதைப் பார்த்தார். மூன்று அண்ணன் தம்பிகளையும் பார்த்தார். மறுபடி மெழுகுவத்தியைப் பார்த்தார்.

"ஏத்திப் பாத்தமுங்க" என்றான் நாச்சிமுத்து, அக்கறையில்லாமல் விட்டுவிட்டதாக அவர் நினைத்துவிடக் கூடாதே என்று.

சகாயம் டிரம்மைச் சுரண்டிக் கழுவி, தானே கொண்டுவந்திருந்த சரியான கேண்டிலை மாட்டி, தண்ணீர் ஊற்றினார். கீழே தெளிவாக இறங்க ஆரம்பித்தது. புறப்படும்போது, "புதுக் கேண்டில். மொதல்ல வர்ற தண்ணிய மட்டும் யாரும் குடிச்சுடாதீங்க, கீழே ஊத்திடுங்க" என்று சொன்னார். ஹெல்மெட்டைப் பின்பக்கம் முன்னால் வர மாட்டிக்கொண்டு, அப்படியே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் பொங்கியண்ணன் தோடும் பட்டுப்பாவாடையுமாக வந்தார். வாசற்படியைத் தைரியமாக மிதித்தார். ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். பூங்கொடி மாமன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"மொதல்ல ஒரு வாய் தண்ணி குடு அம்மணி. உங்கூட்டுத் தண்ணியக் குடிச்சுட்டே ஆரம்பிக்கலாம்" என்றார் தங்கையிடம்.

தெய்வானை டம்ளரைக் கழுவிக் கொடுத்தாள். அர்த்தநாரி குழாயடியில் பிடித்தான். நிறைந்ததும் சகாயம் சொன்னது ஞாபகம் வந்தது. கொல்லையில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தான். மறுபடியும் பிடித்தான்.

"அண்ணா, நில்லுங்க" என்றான் சென்னியப்பன். "மொதல் டம்ளரத்தான் ஊத்தியாச்சே? அது இப்ப இல்ல. அப்ப இப்ப மொதல்ல இருக்கறது இதுதானுங்களே?"

அர்த்தநாரிக்குப் பகீரென்றது. நல்லவேளை, மச்சானிடம் கொடுக்கவில்லை. அதையும் ஊற்றினான். அடுத்ததைப் பிடித்தான். அதுதான் இப்போது முதல். அதையும் ஊற்றினான். தம்பிகளும் ஆளுக்கொரு டம்ளரோடு வந்து சேர்ந்தார்கள். எவ்வளவு ஊற்றினாலும் முதல் டம்ளர் தீரவேயில்லை. கொல்லையில் சேறாகிவிட்டது. கூடத்தில் பொங்கியண்ணன் வறண்ட உதட்டை நக்கிக்கொண்டிருந்தார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆசாரி ஊசியைத் தட்டிக் காட்டினார். தெய்வானையின் கண்ணில் மறுபடி நீர் கட்டியது. அதைப் பார்த்து அர்த்தநாரி இன்னும் வேகமாகப் பிடித்துப் பிடித்து ஊற்றினான்.

"ஏன் மாப்ள, என்ன நடக்குது அங்க?" என்று பொங்கியண்ணன் மருமகளைத் தூக்கிக்கொண்டே எழுந்து வந்தார்.

அர்த்தநாரி விஷயத்தைச் சொன்னான். பொங்கியண்ணன் ஃபில்டரைப் பார்த்தார், டம்ளர்களைப் பார்த்தார். அவரும் கண்ணை மூடித்தான் யோசித்தார்.

"மொதல் டம்ளருதான மாப்ள வம்பு பண்ணுது?"

"ஆமாங்க மச்சா."

"அப்ப அத ஏன் புடிக்கறீங்க? எடுத்ததும் ரெண்டாவது டம்ளரப் புடிங்க."

இப்படியொரு மூளையுள்ள குடும்பத்தில் பெண்ணெடுத்திருக்கிறோம் என்று அர்த்தநாரிக்குப் புல்லரித்தது. இரண்டு டம்ளர்களை எடுத்தான். முதல் டம்ளரைக் காலியாகவே சமையல் மேடையில் ஓரமாக வைத்தான். இரண்டாவதைக் குழாயடியில் பிடித்து, இரண்டு கையாலும் மச்சானிடம் நீட்டினான்.

பொங்கியண்ணன் அண்ணாந்து குடித்தார். எல்லோரும் முதலில் அவர் தொண்டையைப் பார்த்தார்கள், பிறகு வயிற்றைப் பார்த்தார்கள். வயிறு சும்மா இருந்தது.

"அருமையான தண்ணி அம்மணி. இன்னொரு டம்ளர் குடு" என்றார்.

தெய்வானை அழுதுகொண்டே சிரித்தாள். பூங்கொடி மாமன் மடியிலேயே காது குத்திக்கொண்டு, வீறிட்டு அழுது, வாயில் வெல்லம் விழுந்ததும் நிறுத்தினாள். பந்தியெல்லாம் முடிந்து, தெய்வானை பாத்திரங்களைக் கழுவ எடுக்கும்போது மேடையில் இருந்த டம்ளர்மேல் கை வைத்தாள்.

"தொடாத! அது மொதல் டம்ளரு!" என்று அர்த்தநாரி ஓடிவந்தான்.

சிந்திவிடாமல் இரண்டு கையாலும் அந்தக் காலி டம்ளரைத் தூக்கி, அடிமேல் அடி வைத்துக் கொல்லைக்கு நடந்தான். வாழையடியில் கவிழ்க்கப் போனபோது நாச்சிமுத்து குறுக்கே வந்து நின்றான். "வாழைக்கு வேண்டாங்கண்ணா. பாவம், தெரியாமக் குடிச்சுப்போடும்."

அதுவும் நியாயம்தான். அர்த்தநாரி தெருவுக்குக் கொண்டுபோய், ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து டம்ளரைக் கவிழ்த்தான். கடைசிச் சொட்டும் வடியட்டும் என்று அடியில் இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு மூன்று பேரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். ஈரமே இல்லை.

"சகாயம் சும்மா சொல்லலடா" என்றான் அர்த்தநாரி, குரலைத் தாழ்த்தி. "எத்தன பொல்லாத தண்ணின்னு பாத்தியா? கீழ விழறதுக்குள்ள ஓடியே போயிருச்சு!"