ஐந்தாவது நாற்காலி

"ஒண்ணு அவன் போகணும். இல்ல, நான் போறேன்."

ரெஜினால்டு வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னான். உட்காரக்கூட இல்லை.

கோச் மெஹருன்னிசா கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யாரு அண்ணே?"

"தணிகாசலம். வேற யாரு?"

பாலக்கரை ஐவர் அணிக்கு ரெஜினால்டு கேப்டன். அணி தொடங்கிய நாளிலிருந்து, ஒன்பது வருடமாக. வயது முப்பத்து மூன்று. கோச்சுக்கு இருபத்தேழு. வந்து இரண்டு மாதம்தான். இருந்தாலும் கோச் கோச்தான்.

ஆட்டம் இதுதான். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். திரையில் சுட்டுக்கொள்வார்கள். ஒரு சுற்றில் செத்தவன் அடுத்த சுற்றில்தான் எழுவான்; அதுவரை மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம், மைக்கில் பேசலாம். ரெஜினால்டு எப்போதும் முதல் ஆளாக உள்ளே பாய்வான். பெரும்பாலும் முதல் ஆளாகச் சாவான். அதற்குத் தைரியம் வேண்டும். அது அவனிடம் இருந்தது.

ஐந்தாவது நாற்காலிக்காரன் பின்னால் பதுங்கி நிற்பான். கடைசியில் மிஞ்சுகிறவன் அவன்தான். சுவருக்கு அந்தப் பக்கம் வருகிறவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். காலடிச் சத்தத்தை வைத்துத்தான் திரும்பிச் சுட வேண்டும்.

தணிகாசலம் திரும்பவில்லை. மூன்று ஆட்டம் தொடர்ந்து தோல்வி. நாளையும் தோற்றால் லீக்கை விட்டே இறங்க வேண்டியதுதான். நாளை ஆடப்போகிற ஐந்து பேரின் பெயரை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

"அவன் செவிடு, கோச். முதுகுக்குப் பின்னாடி ஆள் வந்து நிக்கிறான், இவன் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கான்."

"அவனுக்கு முன்னாடி அந்த நாற்காலியில யாரு?"

"இர்ஃபான்."

"அவரு எப்படி?"

"அவனும் அப்படித்தான். கடைசி நேரத்துல காது அடைச்சிரும்."

"அதுக்கு முன்னாடி?"

ரெஜினால்டுக்கு எரிச்சல். ஆனாலும் அணியின் கதையை யாராவது கேட்டுவிட்டால் அவனால் சொல்லாமல் இருக்க முடியாது.

பாலக்கரையில் ஒரு பிரவுசிங் சென்டர். மேலே தகரக் கூரை. கரண்ட் போனால் ஆட்டமும் போகும். அங்கேதான் ஆரம்பம். அந்த நாற்காலியில் முதல் ஆள் டெல்வின். மாநிலப் போட்டியில் அரையிறுதி வரை வந்து, கடைசிச் சுற்றில் திரும்பாமல் நின்று தோற்றான். ரெஜினால்டு அனுப்பிவிட்டான். அடுத்தது சபாபதி. சென்னையில் இறுதி ஆட்டம், அதே மாதிரி. அவனையும் அனுப்பியாயிற்று. பிறகு குணாளன். பிறகு இர்ஃபான்.

"டெல்வின் இப்ப எங்க?"

"ஹைதராபாத்துல ஒரு டீம். போன வருஷம் கோப்பை அடிச்சாங்க."

"காது கேக்காமயா?"

"அங்க போய் சரியாயிருச்சு போல."

"சபாபதி?"

"அவனும் பரவாயில்ல. புனேல ஆடுறான்." சொல்லிவிட்டு முறைத்தான். "இப்ப எதுக்குப் பழைய கதை? தணிகாசலம் பேரை அடிங்க, கோச்."

"அடிக்கிறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வேலை செஞ்சு குடுங்க. அஞ்சு நிமிஷம்."

ஐந்தாவது நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தின்போது ஒவ்வொருவர் ஹெட்போனிலும் கேட்டதைத் தனித்தனியாகப் பதிவு செய்து வைப்பார்கள். தகரக் கூரைக் காலத்திலேயே கொண்டுவந்தவன் ரெஜினால்டுதான். தோற்ற மறுநாள் தன் பதிவை மூன்று தடவை போட்டுக் கேட்பான். அடுத்தவன் பதிவை ஒரு நாளும் கேட்டதில்லை.

"இது தணிகாசலம் காதுல விழுந்தது. நம்ம பக்கம் நாலு பேர் செத்தாச்சு, அவன் மட்டும் நிக்கிறான். திரை கிடையாது, சத்தம்தான். எத்தனை பேர் வர்றாங்க, எந்தப் பக்கமா வர்றாங்க? அதைச் சொன்னாப் போதும்."

ரெஜினால்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது.

"பாருங்க, நான் எவ்வளவு தெளிவா சொல்றேன்! இடது பக்கம் பாரு, படிக்கட்டைப் பாரு... எல்லாத்தையும் சொல்லியிருக்கேன்!"

"நீங்க சொன்னதைக் கேக்கல. எத்தனை பேர்?"

"விட்டுட்டேன். மறுபடி போடுங்க."

போட்டாள். மறுபடியும் விட்டான்.

"சரி, இர்ஃபானோடது. கொஞ்சம் லேசா இருக்கும்."

அதிலும் பிடிபடவில்லை. வேர்த்தது. ஃபேனை வேகமாக வைக்கச் சொன்னான்.

"குணாளனைப் போடுங்க."

பழைய பதிவு. கரகரவென்றது. ரெஜினால்டு கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு வைத்து அழுத்தினான். எல்லாவற்றுக்கும் அடியில், எங்கேயோ, சரளைக்கல்லின் மேல் ஒரு காலடி. இன்னொன்று வருவதற்குள்...

"ச்சே! கிட்ட வந்துட்டேன் கோச், பிடிச்சிருப்பேன். இவன் கொஞ்ச நேரம் வாயை மூடினா..."

நிறுத்தினான்.

"எவன்?" என்றாள்.

ஹெட்போனில் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. வயது குறைந்த அதே குரல். அக்கறையான குரல். சொன்னது அத்தனையும் சரி.

பிறகு ஒரு வெடி.

அப்புறம் ஒன்றுமில்லை.

ரெஜினால்டு நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் பட்டியலைத் திறந்து வைத்தபோது மணி நாலேமுக்கால்.

"யாரைத் தூக்கட்டும் அண்ணே?"

"யாரையும் தூக்க வேண்டாம்."

அனுப்பினாள்.

"கோச்."

"சொல்லுங்க."

"சபாபதியோடது இருக்கா?"

"இருக்கு. டெல்வினோடதும் இருக்கு."

"போடுங்க" என்றான்.