கவலைப்பட ஆள் வைத்த ராணி

கடலுக்கும் மலைக்கும் நடுவே, இன்று பெயர்கூட மறந்துபோன ஒரு சீமையை உலகநாச்சி என்ற ராணி ஆண்டுவந்தாள். நல்லவள்தான். குடிகளைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் கவலைப்படுவதில் அவளை மிஞ்ச அந்தச் சீமையில் ஆள் கிடையாது.

ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்று ஒரு கவலை. அயல் நாட்டான் படையோடு வந்துவிடுவானோ என்று ஒரு கவலை. கப்பலேறிப் போன மகன் நல்லபடி திரும்புவானோ என்று ஒரு கவலை. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், இரவெல்லாம் பொட்டுத் தூக்கம் வராது.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. ராணியானவள் தன் கையால் எதையும் செய்யக் கூடாது. நடக்க வேண்டுமா, பல்லக்கு வரும். விசிற ஒருத்தி, தலை வார ஒருத்தி, வெற்றிலை மடித்துத் தர ஒருத்தி. எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கும்போது கவலைப்படுவதற்கு மட்டும் ஏன் ஆள் இல்லை என்று அமைச்சர் திருமேனியார் ஒருநாள் யோசித்தார். சிரிக்காதீர்கள், பெரிய இடத்து யோசனை அப்படித்தான் இருக்கும்.

"தாயே, கவலைப்படவும் ஓர் ஆள் வைப்போம். காலையில் உங்கள் கவலையை எல்லாம் அந்த ஆளிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பதிலாக அவன் கவலைப்படட்டும்" என்றார். ராணியும் சரி என்றாள்.

முதலில் ஒரு பண்டிதரை வைத்தார்கள். அவர் மெத்தையில் சாய்ந்துகொண்டு வெகு ஒழுங்காகக் கவலைப்பட்டார். கொஞ்ச நாளில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கதவு தட்டினால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. சம்பளமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஓடியே போய்விட்டார்.

அடுத்து ஒரு வியாபாரியை வைத்தார்கள். அவன் திண்டில் சாய்ந்து கவலைப்பட்டான். கவலைப்பட்டே பழகியவன் அல்லவா, ராணி கொடுத்தது போதாதென்று சொந்தமாகவும் சிலதைச் சேர்த்துக்கொண்டான். "தாயே, ஊரில் கொள்ளைநோய் வந்தால் என்ன செய்வது?" என்று சாயங்காலம் அவளிடமே வந்து கேட்டான். பாவம், ராணிக்கு அதுவரை அந்தக் கவலை ஒன்றுதான் இல்லாமல் இருந்தது. அவனையும் அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவதாக அகப்பட்டவள் சடைச்சி. அரண்மனைக்கு நெல் குத்தித் தருபவள், புருஷனை இழந்தவள். அரிசிக் கூடையை இறக்கிவைத்த நேரம் பார்த்து அமைச்சர் பிடித்துக்கொண்டார்.

"உனக்குக் கவலைப்படத் தெரியுமா?"

"மூணு பிள்ளை பெத்தவ சாமி. அது தெரியாம இருக்குமா?"

வேலை அவளுக்கு என்று அப்போதே முடிவாகிவிட்டது. ஒழுங்காகக் கவலைப்பட வேண்டும், ஏமாற்றினால் சீமையை விட்டே விரட்டிவிடுவோம் என்றார் அமைச்சர். மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு சடைச்சி எந்த ஊரில் போய் நிற்பாள்?

"ஆகட்டும் சாமி. ஆனா குத்துற வேலையை விட முடியாது. குத்திக்கிட்டே கவலைப்படுறேன்" என்றாள்.

அன்று முதல் காலையில் ராணி சொல்வாள், சடைச்சி கைகட்டிக் கேட்டுக்கொள்வாள். வீட்டுக்கு வந்து உரலில் நெல்லைக் கொட்டி, உலக்கையை எடுத்துக்கொண்டே ஏரிக்கரையை நினைப்பாள். ஓங்கிக் குத்துவாள். படையை நினைப்பாள், கை மாற்றிக் குத்துவாள். கப்பலில் போன பிள்ளையை நினைப்பாள், அப்போது மட்டும் கண் கலங்கும், அதற்கும் சேர்த்துக் குத்துவாள். உமி பிரிந்து அரிசி வெளுக்கும்போது முதுகில் வியர்வை வழியும், மூச்சு நிறைந்து வரும், மனம் லேசாகியிருக்கும். புடைத்து அள்ளிவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். படுத்தால் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவாள்.

இது ஒரு தாதியின் கண்ணில் பட்டது. அவள் சும்மா இருப்பாளா? "தாயே, சடைச்சி பாட்டுப் பாடுகிறாள், சிரிக்கிறாள், கன்னம்கூடப் பூசினாற்போல் ஆகிவிட்டது" என்று ராணியிடம் வத்தி வைத்தாள்.

ராணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாயங்காலமே சடைச்சியைப் பிடித்துவரச் செய்தாள்.

"என் பிள்ளையைப் பற்றிய கவலையை நம்பி உன்னிடம் கொடுத்தேன். அதை எந்தக் குப்பையில் கொட்டினாய்?"

பொய் சொல்லலாம் என்று சடைச்சி நினைத்தாள். பொய் வரவில்லை.

"கொட்டலை தாயே. சத்தியமா கவலைப்படத்தான் செய்றேன். உலக்கையை எடுக்குறப்போ மலையாட்டம் இருக்கு. குத்தி முடிக்கிறப்போ ஒரு படி அரிசி அளவுதான் இருக்கு. மீதி எங்க போகுதுன்னு எனக்கே தெரியலை."

சபையில் சிலர் சிரித்தார்கள். ராணி சிரிக்கவில்லை.

"உரலைக் கொண்டுவாருங்கள். எங்கே போகிறதென்று நானே பார்க்கிறேன். இவள் சொன்னது பொய்யானால் காலையில் இவள் இந்தச் சீமையில் இருக்கக் கூடாது."

திருமேனியார் கையைப் பிசைந்தார். தாதிமார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கி உலக்கையைத் தூக்கினாள். முதல் குத்து உரலின் விளிம்பில் விழுந்தது. அடுத்த குத்தில் நெல் நாலாபக்கமும் சிதறியது. சடைச்சிக்குத் தன் பயம்கூட மறந்துவிட்டது.

"குனியாதீங்க தாயே. காலை அகட்டி நில்லுங்க. தூக்குறதுதான் நீங்க, விழுறது அதுவா விழும்."

எதிரே நின்று தானும் ஓர் உலக்கை போட்டாள். ஒன்று ஏற, ஒன்று இறங்க, உரல் முழங்கியது. ராணி ஏரியை நினைத்துக் குத்தினாள். படையை நினைத்துக் குத்தினாள். மகனை நினைத்தபோது அழுதுகொண்டே குத்தினாள், நிறுத்தவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முகம் சிவந்து, மூச்சு வாங்க, உலக்கையைச் சாத்தினாள். உள்ளங்கை கொப்புளித்திருந்தது.

"பசிக்கிறது" என்றாள். அப்படியே உள்ளே போய்விட்டாள்.

அது என்ன தீர்ப்பென்று சடைச்சிக்கு விளங்கவில்லை. அன்றிரவு அவளுக்குத்தான் தூக்கமில்லை. விடிந்ததும் துணிமணியை மூட்டை கட்டி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சபையில் வந்து நின்றாள். ஒவ்வொரு நாளும் சேவல் கூவும் முன்பே எழுந்து உட்கார்ந்திருக்கும் ராணியைக் காணோம். வெயில் ஏறியது. சின்னவன் அவள் காலைக் கட்டிக்கொண்டு "போகலாம்மா" என்றான். எங்கே போவது?

அமைச்சர் பார்த்துவரப் போனார். போனவர் நுனிக்காலில் நடந்து திரும்பினார்.

"யாரும் சத்தம் போடாதீர்கள்" என்று காதோடு காதாகச் சொன்னார். "தாயார் தூங்குகிறார்கள். குறட்டைகூட விடுகிறார்கள்."

சபை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. சடைச்சி தலையிலிருந்த மூட்டையைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்தான்.

உச்சிப்பொழுதில் ராணி வந்தாள். கொப்புளித்த கையில் மஞ்சள் தடவிய துணி சுற்றியிருந்தது.

"ஏரி அப்படியேதான் இருக்கிறது. மகனும் இன்னும் வரவில்லை. ஆனால் இன்றைக்கு அதையெல்லாம் நடுங்காமல் நினைக்க முடிகிறது. கரையைப் போய்ப் பார்த்து, பலவீனமான இடத்தில் மண் போடச் சொல்லப்போகிறேன். பல்லக்கு வேண்டாம், நடந்தே போகிறேன்" என்றாள். பிறகு சடைச்சியைப் பார்த்தாள். "கவலைப்பட எனக்கு இனி ஆள் வேண்டாம். தினமும் சாயங்காலம் எதிரே நின்று உலக்கை போடத்தான் ஆள் வேண்டும். வருவாயா?"

சடைச்சி வருகிறேன் என்று தலையாட்டினாள்.

கேட்டீர்களா, உடம்பு அசைந்து வியர்த்தால் மனத்தின் பதற்றம் தணிந்து கவலை தன் அளவுக்குச் சுருங்கும், அந்த வியர்வையை மட்டும் நமக்காக வேறொருவர் சிந்தித் தர முடியாது.