செவியரின் குரல்

"எம்பொண்ணோட குரலை மாத்தணும்மா. நாளைக் காலைக்குள்ள."

மாசிலாமணி வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார்.

மதிலுக்கு வெளியே, புளியமரத்தடியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த செங்கமலம் அம்மாள் நிமிர்ந்தார். ஒரு காலத்தில் உள்ளே பிள்ளைகளுக்குச் சுரம் பழக்கியவர்.

"உட்காருங்க. என்னை அடையாளம் தெரியுதா?"

"தெரியுது. உங்களை வெளியே அனுப்பினதே நான்தான்."

"பரவாயில்லையே, ஞாபகம் இருக்கு" என்று ஒரு பிடி கடலையை அவர் கையில் வைத்தார்.

மதிலுக்குள் இருந்த நகரத்தில் விடிந்ததும் சங்கு ஊதுவார்கள். சனம் முழுக்க மைதானத்தில் வரிசையாக நின்று 'உம்' என்று ஒரே சுரத்தில் இழுக்க வேண்டும். செவியர்கள் வரிசைக்குள் நடந்து ஒவ்வொரு வாயருகிலும் காதை வைத்துக் கேட்பார்கள். சுரம் பிசகினால் மதில்கதவு திறக்கும். போனவர் திரும்ப முடியாது.

வேறு குரல் ஒன்று கலந்தால் நகரமே சிதறிவிடும் என்று நம்பினார்கள். இத்தனை பெரிய மதிலைக் கட்டியவர்களுக்கு அவ்வளவு பயம்.

மாசிலாமணி தலைமைச் செவியர். கதவின் சாவி அவரிடம்தான். அவருடைய மகள் பூங்கோதை மறுநாள் முதன்முதலாக வரிசையில் நிற்க வேண்டும்.

"வீட்டுல பழக்கிப் பார்த்தீங்களா?"

"தொண்டை கட்டுற வரைக்கும் பழக்கினேன். அழுதுட்டா. அவளுக்கு வர்றதே வேற சுரம். அவ இல்லாம எனக்கு வீடு எதுக்கும்மா?"

செங்கமலம் அம்மாளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் இருந்தது. இரண்டையும் மென்று விழுங்கினார்.

"சரி. நீங்க ஒருதரம் இழுத்துக் காட்டுங்க."

"நானா?"

"ஏன், வராதா?"

"செவியருங்க இழுக்க மாட்டோம். கேக்கறது மட்டும்தான். எங்கப்பாவும் செவியர். பையன்னு சின்ன வயசுலயே என்னையும் சேர்த்துட்டாரு. நான் வரிசையில நின்னதே இல்ல."

"இங்க ஏது வரிசை? சும்மா இழுங்க."

மாசிலாமணி கண்களை மூடி இழுத்தார்.

பாதியில் நிறுத்திவிட்டார். எத்தனையோ பேரைப் பிடித்துக்கொடுத்த காது அது. தப்புமா?

"அம்மா, இது பூங்கோதையோட சுரம்."

செங்கமலம் அம்மாள் கடலைத்தோலை ஊதிவிட்டு அடுத்ததை உரித்தார்.

விடிந்தது. சங்கு ஊதியது.

வரிசைக் கடைசியில் பூங்கோதை நின்றாள். இன்னொரு செவியரான கேசவன் அவளை நோக்கி நடந்தார்.

மாசிலாமணி அவரை முந்திப் போய் மகளை ஒட்டி நின்றார். அவள் வாயைத் திறக்கும் முன், தன் குரலில் ஓங்கி இழுத்தார்.

மைதானம் அடங்கிப்போனது. தலைமைச் செவியரின் குரலை யாரும் அதுவரை கேட்டதில்லை.

பூங்கோதை அண்ணாந்து அப்பாவைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சேர்ந்து இழுத்தாள்.

கேசவன் குனிந்து இருவர் வாயருகிலும் காதை வைத்தார். அவர் கை கதவைக் காட்டப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

கேசவன் மெதுவாக நிமிர்ந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே" என்றார். "என் குரலை நானும் இதுவரைக்கும் கேட்டதில்ல."