ஆற்றைக் கொண்டுபோனது யார்?

முன்னொரு காலத்தில் செங்கோடன் என்ற மன்னனுக்கு எல்லார்மீதும் சந்தேகம் வந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கும் அவனுடைய ஆறு கோடையில் வற்றிப்போனதுதான் காரணம். யாரோ தண்ணீரைத் திருடுகிறார்கள் என்று கரையெங்கும் காவல் போட்டான். பிறகு அந்தக் காவலர்களை உளவு பார்க்கவும் ஆள் வைத்தான்.

அவையில் கொற்றன் என்றொரு விகடன் இருந்தான். அவன்மீது பொறாமை கொண்ட அமைச்சர் அம்பலவாணர் மன்னனிடம் சொன்னார்: “அரசே, மலைவாசிகள்தான் தண்ணீரை மறித்துவைத்திருக்கிறார்கள். கொற்றன் அடிக்கடி அங்கே போகிறான். எதற்கென்று கேளுங்கள்.”

“தேன் வாங்கப் போகிறேன், அரசே” என்றான் கொற்றன்.

மன்னன் நம்பவில்லை. “நாளை உச்சிவேளைக்குள் ஆற்றைக் கொண்டுபோனவனை இந்த அவையில் கயிற்றால் கட்டி நிறுத்து. தவறினால் உனக்கும் மலைவாசிகளுக்கும் சிறை.”

மறுநாள் மன்னன் அவைக்கு வந்தபோது, அவை கூடும் புதிய மண்டபத்தின் மரத்தூண்களில் கயிறு சுற்றியிருந்தது.

“என்ன விளையாட்டு இது?”

“ஆற்றைக் கொண்டுபோனவர்கள் இவர்கள்தான், அரசே. மலையின் மழைக்காட்டில் நின்றவர்கள். அமைச்சர் வெட்டி இறக்கியபோது ஆற்றையும் உடன் கொண்டுவந்துவிட்டார்கள்.”

“மரத்துக்கும் ஆற்றுக்கும் என்ன தொடர்பு? இவன் தப்பிக்கப் பார்க்கிறான்!” என்று சீறினார் அம்பலவாணர்.

மன்னனின் கண்கள் சுருங்கின. “மெய்ப்பித்துக் காட்டு.”

கொற்றன் ஒரு குடம் தண்ணீரை எடுத்து அமைச்சரின் வழுக்கைத் தலையில் கவிழ்த்தான். இன்னொரு குடத்தை, அடர்ந்த சடைமுடி கொண்ட வாயிற்காவலன் தலையில் ஊற்றினான். அமைச்சர் தலையில் விழுந்த தண்ணீர் ஒரே பாய்ச்சலாய் அரியணைப் படிவரை ஓடியது. கொஞ்ச நேரத்தில் தலை காய்ந்தும்விட்டது. காவலனின் சடையோ வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருந்தது.

“மலை மேகத்தை மறித்து மழையை வாங்குகிறது, அரசே. காடு அதைத் தேக்கிவைத்துக் கோடை முழுதும் ஆற்றுக்குத் தருகிறது. நாம் மலையை மொட்டையடித்துவிட்டோம். இனி மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் வெறும் மணல்.”

மன்னன் அவனையே உற்றுப் பார்த்தான். “இந்த மண்டபத்தைக் கட்டச் சொன்னவன் நான். அப்படியானால் திருடன் நான் என்கிறாயா?”



“எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது, அரசே. அதற்குள் கயிறு தீர்ந்துவிட்டது.”

மன்னன் மண்டபம் அதிரச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிக் கொற்றனுக்கு அணிவித்தான். மலையில் இனிக் கோடரி விழக்கூடாது என்று ஆணையிட்டான்.

நனைந்த உடையைப் பிழிந்துகொண்டிருந்த அம்பலவாணரை அன்றைக்கே மரக்கன்று நட மலைக்கு அனுப்பிவைத்தான். ஆறு பழையபடி ஓடப் பல ஆண்டுகள் ஆயின.