கடலுக்கு அப்பால் ஒரு பிணை

பவழமுனைத் தீவை ஆண்ட நெடுந்திரையனுக்கு வெளியூர்க்காரர்கள் மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. அவருடைய கப்பல்களுக்குப் பாய் தைத்தவர்கள், அரண்மனையில் சமைத்தவர்கள் எல்லாரும் கடல் கடந்து வந்தவர்கள்தான். அவர்களைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களைப் பற்றித்தான் கவலை. பார்க்க வருகிறார்கள், பிறகு போவதில்லை.

அதனால் ஒரு சட்டம் போட்டார். பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு சீட்டு. அதில் குறித்த பௌர்ணமியன்று கப்பலேறிவிட வேண்டும். மேலும் ஒரு மாதம் தங்க வேண்டுமானால், கட்டாயம் ஊர் திரும்புவார்கள் என்பதற்கு ஓர் ஆள் பிணை நிற்க வேண்டும். அந்த ஆளைத் துறைமுக அதிகாரி ஏகாம்பரனார் நம்ப வேண்டும். அவர் இதுவரை யாரையும் நம்பியதில்லை.

பாய் தைக்கும் தாண்டவனின் மனைவி பூரணிக்குத் தலைப்பிரசவம். முறைப்படி தாய்வீட்டுக்குப் போக வேண்டியவள். கப்பல் பயணம் கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். ஆகவே தாய்வீடே கப்பலேறி வந்தது. அப்பா உடையப்பர், அம்மா சிவகாமு, இரண்டு ஜாடி ஊறுகாய், பிரசவ மருந்துச் சாமான் ஒரு மூட்டை.

பௌர்ணமிக்கு முன்பே குழந்தை பிறந்துவிடும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். குழந்தை அப்படி நினைக்கவில்லை. மறுநாள் பௌர்ணமி. பூரணி அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தாண்டவன் அரசவையில் இருந்த சாத்தையனிடம் ஓடினான். அரசர் கோபமாக இருக்கும்போதும் அவரிடம் பேசக்கூடிய ஒரே ஆள் சாத்தையன்தான்.

"நானே பிணை நிற்கிறேன் ஐயா. செல்லுமா?"

"மாமியார் சமையலைச் சாப்பிடுகிறவன் நீ. அவர்கள் போகவே கூடாது என்று நினைக்கிற முதல் ஆளே நீதான். செல்லாது."

சாத்தையன் தாண்டவனின் வீட்டுக்கு வந்து உடையப்பரோடு வெற்றிலை போட்டான். ஊர்க்கதை பேசினான். பேச்சு நீண்டுகொண்டே போனது. எழுந்தபோது, "பிணைக்கு ஆள் கிடைத்துவிட்டது," என்றான். யார் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் சபை கூடியது.

உடையப்பர் மரியாதை தெரிந்த மனிதர். விருந்துக்குப் போன வீட்டில் மோர் புளித்திருந்தாலும் பிரமாதம் என்று சொல்லியே பழகியவர். "எங்கள் நாடு எப்படி இருக்கிறது?" என்று அரசர் கேட்டதும் அந்தப் பழக்கம் முந்திக்கொண்டது.

"சொர்க்கமுங்க மகாராசா. இப்படி ஒரு சீமைய விட்டுப் போக யாருக்குங்க மனசு வரும்?"

சிவகாமு அவருடைய துண்டைப் பிடித்து இழுத்தாள். வார்த்தை வெளியே போய்விட்டது.

"கேட்டீர்களா அரசே," என்றார் ஏகாம்பரனார். "அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். துறைமுகத்தில் அப்பக்கடை வைத்திருக்கும் அம்மாளும் தங்கை மகனைப் பார்க்க வந்தவர்தான். இப்போது மூன்று கடை."

"அப்பம் நன்றாகத்தான் இருக்கிறது," என்றார் அரசர். "ஆனாலும் சட்டம் இருக்கிறதே. சாத்தையா, பிணை யார்?"

"பூவராகன், அரசே. இவருடைய ஊரில், வேம்பனூரில் இருக்கிறான்."

ஏகாம்பரனார் சிரித்தார். "கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனா? இவர் திரும்பாவிட்டால் நான் யாரைப் பிடிப்பது?"

"பூவராகன் இருக்கும்வரை நீங்கள் யாரையும் பிடிக்க வேண்டியிருக்காது." சாத்தையன் திரும்பினான். "பெரியவரே, பூவராகன் யார்?"

உடையப்பரின் முகம் மாறியது. "அந்தப் பய பேச்சு இங்க எதுக்குங்க? சித்தப்பா மவன். பங்காளி."

"கிணற்றடியில் ஒரு தென்னை உண்டாமே."

"என் தென்னைங்க. நான் வச்ச கன்னு. வேரு எங்க பக்கம் இருக்கு. மரம் வளந்து அவன் வேலிப் பக்கம் சாஞ்சிருச்சு. அவன் பக்கம் விழுற காயெல்லாம் அவனுதாம். இது நியாயமா, நீங்களே சொல்லுங்க மகாராசா."

அரசர் நியாயம் சொல்ல வாயெடுத்தார். சாத்தையன் விடவில்லை.

"இப்போது காய் பறிப்பது யார்?"

"அவன்தானுங்க." உடையப்பரின் மீசை துடித்தது.

"இன்னும் ஒரு மாதம் போனால், வேலியையே பிடுங்கி மரத்தைத் தாண்டி உங்கள் பக்கம் நட்டுவிட மாட்டானா?"

உடையப்பர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நடுவான். செய்யக்கூடிய ஆளுதான். சிவகாமு, சாயங்காலக் கப்பலுக்கே நான் கெளம்புறேன். நீ இருந்து புள்ளயப் பாத்துட்டு வா."

"பேசாம இருங்க," என்றாள் சிவகாமு. பிறகு அரசரைப் பார்த்துக் கைகூப்பினாள். "இவரத் தனியா அனுப்பினா அங்க மண்டை ஒடஞ்சிரும் சாமி. நானும் கூடப் போயித்தான் ஆவணும். பேரப்புள்ளைய நாலு நாளு குளிப்பாட்டி விட்டுட்டு ரெண்டு பேருமா போயிர்றோம்."

அரசர் சிரித்த சிரிப்பில் சபையே சேர்ந்துகொண்டது. "ஏகாம்பரனாரே, பிணையை நம்புகிறீரா?"

ஏகாம்பரனார் யோசித்தார். அவருக்கும் ஒரு பங்காளி உண்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பொதுச்சுவரும் உண்டு.

"முழுதாக நம்புகிறேன், அரசே," என்றார். "இவரைக் கட்டிப்போட்டாலும் இங்கே நிற்க மாட்டார்."

சீட்டில் ஒரு மாதம் கூடியது. அந்த வாரமே பூரணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் முறை குளிப்பாட்டியது சிவகாமுதான்.

சாத்தையனுக்கு அரசர் ஒரு முத்துமாலை கொடுத்தார். ஏகாம்பரனாருக்கு ஒரு வேலை கொடுத்தார். அந்த மாதம் முழுவதும் துறைமுகத்தில் நின்று, உடையப்பர் கப்பலேறிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை.