பதினேழாவது வாக்கியம்

ஆனைமடுவில் தண்ணீர் நாற ஆரம்பித்தது. குடித்த குட்டிகள் வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தன. ஐந்தாம் நாள் ஒரு மான்குட்டி செத்துப்போனது.

அன்று அமாவாசை. காட்டுச் சபை கூடும் நாள். விலங்குகள் எல்லாம் மொட்டைப்பாறையைச் சுற்றி வந்து உட்கார்ந்தன. சபைத் தலைவரான யானை தும்பிக்கையை உயர்த்தியதும், குட்டியைப் பறிகொடுத்த புள்ளிமான் எழுந்தது.

"தலைவரே! எனக்கு இன்னொரு குட்டி இருக்கிறது. அவனும் இதே தண்ணீரைத்தான் குடிக்கிறான். தண்ணீருக்கு என்ன வந்தது என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்!"

உடனே சபை இரண்டுபட்டது. "பன்றிகள் சேற்றைக் கலக்குகின்றன!" என்று ஒரு பக்கம் கத்தியது. "வாத்துகள்தான் அசுத்தம் செய்கின்றன!" என்று மறுபக்கம் கத்தியது.

"அமைதி! அமைதி!" என்று யானை பிளிறியது. "ஒரு குழு அமைப்போம். குழு ஆராய்ந்து, பௌர்ணமிச் சபையில் அறிக்கை வைக்கட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். பிரச்சினையே தீர்ந்துபோனது போல இருந்தது.

நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிறதே என்று காட்டெருமையைக் குழுத் தலைவராக்கினார்கள். பார்க்க லட்சணமாக இருக்குமே என்று மயிலைச் சேர்த்தார்கள். நரி தானாகவே முன்வந்தது. அதற்கு என்ன திடீர் அக்கறை என்று யாரும் கேட்கவில்லை. நான்காவதாக முள்ளி என்ற முள்ளம்பன்றியைச் சேர்த்தார்கள். "பௌர்ணமிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறதே, அதுவரை எதைக் குடிப்பது?" என்று அவள் கேட்டதுதான் காரணம்.

"நல்ல கேள்வி! குழு அதையும் ஆராயட்டும்!" என்று சொல்லி யானை சபையைக் கலைத்தது.

குழுவின் முதல் கூட்டம் அடுத்த நாள் நடந்தது. நிழலில் யார் உட்காருவது, வெயிலில் யார் உட்காருவது என்று பேசி முடிக்கவே உச்சிவேளை ஆகிவிட்டது. கலையும்போது நரி தொண்டையைச் செருமியது.

"ஒரு விதி இருக்கிறது. குழுவில் பேசியது எதையும் சபையில் வைப்பதற்கு முன் வெளியே சொல்லக் கூடாது. தலைவரிடம்கூடச் சொல்லக் கூடாது."

"விதி என்றால் விதிதான்" என்றது எருமை. முள்ளிக்கும் அது நியாயமாகவே பட்டது. அரைகுறைச் சேதி வெளியே போனால் பன்றிகளும் வாத்துகளும் அடித்துக்கொள்ளுமே!

இரண்டாவது கூட்டத்துக்கு மயில் வரவில்லை. எருமை வந்தது, ஆனால் வந்ததும் தூங்கிவிட்டது.

"மூன்று பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும்" என்றது நரி. "தூங்குகிறவர் வந்தவரா, வராதவரா?"

"எழுப்பினால் தீர்ந்தது!" என்றாள் முள்ளி.

"தலைவரை உறுப்பினர் எழுப்பலாமா? அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்."

முள்ளியின் முதுகில் முட்கள் சிலிர்த்து நின்றன. பொழுது சாயும்வரை எருமை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாவது கூட்டத்தில் நரி புதிதாக ஒன்றைச் சொன்னது. "அடுத்த மலையில் ஓர் ஏரி இருக்கிறது. அங்கே தண்ணீர் எப்படி நன்றாக இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வருவோம்."

"ஏரிக்கரையில் நாவல் மரங்கள் உண்டாமே?" என்றது மயில்.

"சேறு எப்படி இருக்கும்?" என்றது எருமை.

"கெட்டுப்போனது நம் தண்ணீர்! நல்ல தண்ணீரைப் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது?" என்று முள்ளி கத்தினாள். மூன்று பேரும் புறப்பட்டுப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பினார்கள். அங்கே தண்ணீர் மிக நன்றாக இருக்கிறது என்பதுதான் அவர்கள் அறிந்துவந்தது.

அந்த நான்கு நாளும் முள்ளி சும்மா இருக்கவில்லை. பன்றிகளைக் கேட்டாள். வாத்துகளைக் கேட்டாள். கடைசியில் மடுவின் ஓரத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த தவளைகளைக் கேட்டாள்.

"நாங்கள் மேலே சுனையில் இருந்தவர்கள் அக்கா" என்றது ஒரு கிழத்தவளை. "அங்கே இருக்க முடியாமல்தான் இறங்கி வந்தோம். போய்ப் பார், தெரியும்."

முள்ளி பாறைகளைப் பிடித்து ஏறினாள். மடுவுக்குத் தண்ணீர் தரும் சுனை உச்சியில் இருந்தது. அதன் வாயிலேயே, இரண்டு பாறைகளுக்கு நடுவே, செத்த காட்டுப்பன்றி ஒன்று உப்பிக் கிடந்தது. பக்கத்தில் கழுதைப்புலி படுத்திருந்தது.

"இதை ஏன் இங்கே போட்டிருக்கிறாய்?"

"குளிர்ச்சியான இடம்! இறைச்சி ரொம்ப நாள் தாங்கும்" என்று பல்லைக் காட்டியது கழுதைப்புலி. "நானும் என் கூட்டாளியும் வைத்து வைத்துத் தின்கிறோம். உனக்கென்ன?"

ஈர மண் முழுவதும் நரியின் காலடித் தடங்கள்.

முள்ளி பிணத்தை முட்டித் தள்ளிப் பார்த்தாள். அது அசையவே இல்லை.

மறுநாள் குழு கூடியதும் எல்லாவற்றையும் கொட்டினாள். "கழுதைப்புலியைக் கூப்பிட்டு விசாரிப்போம்! இந்த நரியையும் விசாரிப்போம்!"

நரி முகம் மாறவில்லை. "கழுதைப்புலிக்கு வேலை இருக்கிறதாம், வர முடியாதாம். என் கால்தடம் அங்கே இருந்தால் என்ன? நான்தான் குழுவில் இருக்கிறேனே, ஆராயப் போயிருந்தேன்!"

அறிக்கை தயாரானது. காட்டில் எழுத்து இல்லை. அதனால் மைனா ஒன்று அறிக்கையை மனப்பாடம் செய்துகொண்டது. மொத்தம் இருபத்தொரு வாக்கியங்கள். அடுத்த மலை ஏரியின் அழகைப் பற்றி எட்டு, வெயிலின் கடுமையைப் பற்றி ஐந்து. முள்ளி மூச்சு முட்டச் சண்டை போட்டு ஒரே ஒரு வாக்கியத்தை நுழைத்தாள். "சுனையில் கிடக்கும் பன்றிப் பிணம்தான் நோய்க்குக் காரணம், அதை உடனே அகற்ற வேண்டும்." நரி அதைப் பதினேழாவது இடத்துக்குத் தள்ளியது.

வீட்டுக்குப் போகும் வழியில் புள்ளிமான் எதிரே வந்தது. அதன் குட்டி தாயின் காலில் சாய்ந்து நின்றது.

"முள்ளி அக்கா, ஏதாவது தெரிந்ததா?"

முள்ளிக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விதி நினைவுக்கு வந்தது. விழுங்கிவிட்டாள்.

"சபையில் சொல்வோம். இன்னும் ஏழே நாள்தான். அதுவரை... கொஞ்சம் குறைவாகக் குடிக்கச் சொல்."

பௌர்ணமியன்று காலையில் சபை கூடியது. புள்ளிமான் வரவில்லை. மைனா மொட்டைப்பாறையில் ஏறி அறிக்கையை ஒப்பித்தது. ஏரியின் அழகு வந்தபோது குரங்குகள் பேன் பார்த்தன. வெயிலின் கடுமை வந்தபோது கரடி கொட்டாவி விட்டது. பதினேழாவது வாக்கியம் வந்தபோது யானையின் கண்கள் மூடியிருந்தன.

மைனா முடித்ததும் யானை விழித்துக்கொண்டது. "மிக அருமையான அறிக்கை! பாறையில் வைக்கப்பட்டது. அடுத்து, பலாப்பழப் பங்கீடு!"

"தலைவரே! பதினேழாவது வாக்கியம்!" என்று முள்ளி எகிறிக் குதித்தாள்.

"குழுவின் வேலை பரிந்துரைப்பது. சபை உரிய நேரத்தில் பரிசீலிக்கும். உட்காரம்மா!"

பலாப்பழத்தைப் பற்றி உச்சிவேளைவரை பேசினார்கள். உரிய நேரம் வரவே இல்லை.

முள்ளி மைனாவை அழைத்துக்கொண்டு நேராக மடுவுக்குப் போனாள். கரையில் புள்ளிமான் நின்றிருந்தது. காலடியில் குட்டி கிடந்தது. ஈக்கள் மொய்த்தன.

முள்ளி மைனாவைப் பார்த்துத் தலையசைத்தாள். மைனா பதினேழாவது வாக்கியத்தைச் சொன்னது.

மான் மெதுவாகத் தலையைத் திருப்பியது. "இது எப்போது தெரியும் உனக்கு?"

"ஏழு... எட்டு நாளாக."

"அரை நாள் நடந்தால் வடக்கு ஓடை. அவன் அப்போது நடக்கும் நிலையில்தான் இருந்தான்." மான் குட்டியின் காதை ஒருமுறை நக்கியது. "தினமும் நான் முதலில் குடித்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை குடி என்று இவனுக்குச் சொன்னேன். நீ எந்தத் தண்ணீரைக் குடித்தாய் அக்கா?"

முள்ளி அந்த எட்டு நாளும் வடக்கு ஓடைக்குத்தான் போய்வந்துகொண்டிருந்தாள். தலை தானாகக் குனிந்தது.

பிறகு அவள் மைனாவிடம் சொன்னாள். "மற்ற இருபதையும் மறந்துவிடு. இந்த ஒன்றை மட்டும் ஒவ்வொரு மரத்திலும் உட்கார்ந்து சொல். சபையை மீறியதற்கு என்ன தண்டனையோ, அது எனக்கு!"

மைனா பறந்தது. அது சொன்னதை மற்ற மைனாக்கள் சொன்னன. கிளிகள் சொன்னன. தாகத்தோடு மடுவுக்கு வந்த விலங்குகள் வாய் வைக்காமல் நின்றன. கூட்டம் பெருகியது. எல்லோரும் திரண்டு யானையிடம் போனார்கள்.

"எங்கள் குட்டிகளுக்கு என்ன பதில்?"

யானை திகைத்தது. "இதை ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை?"

"இன்று காலையில்தான் சொன்னேன்!" என்றது மைனா.

 யானை சுனைக்கு ஏறியது. ஒரு மூங்கில் கொத்தைத் தின்று முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. தும்பிக்கையால் ஒரே இழுப்பு. பிணம் வெளியே வந்து விழுந்தது. கழுதைப்புலி ஓடிவிட்டது. நரியை அதன்பின் அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

சில நாட்களில் தண்ணீர் தெளிந்தது. அடுத்த சபையில் முள்ளி ஒரு விதியைக் கொண்டுவந்தாள். அறிக்கையைக் கேட்ட சபை, கலையும் முன் செய்வோம் என்றோ, செய்ய மாட்டோம், காரணம் இது என்றோ பதில் சொல்லியாக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் குழு சபைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

"இதை ஆராய ஒரு குழு..." என்று எருமை ஆரம்பித்தது.

"வேண்டாம்!" என்று காடே கத்தியது. விதி அங்கேயே நிறைவேறியது.

புள்ளிமான் அன்றும் சபைக்கு வரவில்லை. அது வடக்கு ஓடைப் பக்கமே குடியேறிவிட்டிருந்தது.

உண்மையைக் கண்டுபிடிப்பதோடு குழுவின் வேலை முடிவதில்லை, அதைக் கேட்ட சபை எழுந்து செயலில் இறங்காவிட்டால் எவ்வளவு நல்ல அறிக்கையும் ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றாது.