ரெண்டு பிஷப் குறையுது

“டீச்சர், எனக்கு ரெண்டு பிஷப் குறையுது.”

வந்ததும் வராததுமா பிஷப் இராஜரீகம் சொன்னது இதுதான்.

டீச்சர் பேரு சீயோன்மணி. ஒரு காலத்துல கோயில் பாடகர் குழுவுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவங்க. சபை உடைஞ்ச அன்னைக்கு எந்தப் பக்கமும் போகாம, நேரா தேரிக்காட்டுக்குள்ள வந்து ஒரு குடிசை போட்டு உக்காந்துட்டாங்க. பிஷப்பைவிட ரொம்ப வயசு சின்னவங்க. ஆனா மனசு எங்கயாவது முட்டிக்கிட்டா பிஷப் இங்கதான் வருவாரு. அங்கி இல்லாம.

தேரின்னா செம்மணல் மேடு. காத்தடிச்சா மேடு நடக்கும். நேத்து மேற்க படுத்திருந்தது இன்னைக்குக் கிழக்க எந்திரிச்சு நிக்கும். பனைமரம் கழுத்துவரைக்கும் புதைஞ்சு, தலையை மட்டும் ஆட்டிக்கிட்டு இருக்கும். அங்க யாரும் சத்தமாப் பேச மாட்டாங்க. எதையோ எழுப்பி விட்டுருவோமோங்கிற மாதிரி.

“குறையுதா? நல்லாத் தேடிப் பாத்தீங்களா?”

“விளையாடாதீங்க டீச்சர். நெஞ்சுல அடைப்பு இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கப்புறம் எங்க சபை குருவானவர் கிருபாகரன் ஐயரை பிஷப் ஆக்கணும். மூணு பிஷப் சேர்ந்து தலைமேல கை வெச்சாத்தான் அது செல்லும். எங்க சபையில இருக்கது நான் ஒருத்தன்.”

“வேற பிஷப்பே இல்லையா?”

“சுவிசேஷமுத்து இருக்கான். மனாசே இருக்கான்.”

“அப்ப சரியாப் போச்சே.”

“எங்க சரியாப் போச்சு? மூணு பேரும் ஒண்ணாத்தான் பெரிய சபையை விட்டு வெளிய வந்தோம். சத்தியத்துக்காக! வந்த வேகத்துல மனாசே பீடத்துல ஆறு மெழுகுவத்தி வெச்சான். ரெண்டு போதும்னேன். சுவிசேஷமுத்து ஒண்ணுகூட ஆகாதுன்னான். இப்ப என்னோடது மெய்யான ஆங்கிலிக்கன் சபை. மனாசேயோடது ஆதி மெய்யான ஆங்கிலிக்கன் சபை.”

“சுவிசேஷமுத்து ஐயாவோடது?”

“சீர்திருத்தின ஆதி மெய்யான ஆங்கிலிக்கன் சபை.”

டீச்சர் சிரிக்கல. அதான் அவங்ககிட்ட கஷ்டம்.

“அவங்களுக்கப்புறம் யாரு?”

“அவங்களுக்கும் ஆள் கிடையாது. மூணு சபையும் எங்களோட போயிரும்.” பிஷப் குரல் இறங்குச்சு. “பிள்ளைகளுக்குத் தலைமேல கை வெச்சுத் திடப்படுத்தல் கொடுக்க ஒரு பிஷப் கை இருக்காது டீச்சர். கனவுல வருதுங்க. வரிசையா நின்னு தலையைக் குனிஞ்சு காட்டுதுங்க. நான் கையை நீட்டுதேன். எட்ட மாட்டேங்குது. நீட்ட நீட்ட வரிசை தள்ளித் தள்ளிப் போகுது.”



“அதான் ஒரு யோசனை” அப்படின்னாரு பிஷப், மெதுவா. “நான் ஒருத்தனே மூணு தடவை கை வெச்சா என்ன?”

“வைக்கலாமே.”

“செல்லுமா?”

“சொல்லுதேன். அதுக்கு முன்னால இங்கயே ஒரு ஆராதனை நடத்திக் காட்டுங்க. குருவானவரும் நீங்க, சபையாரும் நீங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“அதெப்படி டீச்சர்?”

“மூணு பிஷப் ஆகப்போறவருக்கு சபையார் ஆகுறது பெரிய காரியமா?”

காத்து எந்திரிச்சுது. முதல்ல பனந்தலை மறைஞ்சுது. அப்புறம் மேடு. அப்புறம் குடிசை. எல்லாம் ஒரே சிவப்பு. டீச்சரோட வெள்ளைச் சேலை மட்டும் எங்கயோ மிதக்குற மாதிரி தெரிஞ்சுது.

பிஷப் எந்திரிச்சு நின்னாரு. கையை விரிச்சாரு.

“கர்த்தர் உங்களோட இருப்பாராக.”

காலமெல்லாம் இதைச் சொன்ன வாய். சொல்லி முடிச்சதும் தானா ஒரு மூச்சு நிக்கும். ஜனங்க பதில் சொல்ற இடம் அது.

நின்னுச்சு.

காத்துதான் அடிச்சுது.

இப்ப பதிலும் அவர்தான் சொல்லணும். வாயைத் திறந்தாரு. மணல்தான் உள்ள போச்சு.

“எனக்கு நானே எப்படிச் சொல்லிக்கிடறது டீச்சர்?”

டீச்சர் வாயைத் திறக்கல. சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

ரெண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாச் சொன்னாரு. குரல் போயி மணல்ல விழுந்துச்சு. மணல் அதை மூடிக்கிடுச்சு.

மூணாவது தடவை பாடவே செஞ்சாரு. பண்டிகை நாள் ராகம்.

“கர்த்தர் உங்களோட இருப்பா… ஆ… ஆ… ராக!”

கடைசி இழுப்புல குரல் ஆடுச்சு. அது ஆராதனையா கெஞ்சலான்னு அவருக்கே தெரியல.

மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்துச்சு. அதே ராகத்துல.

“அவர் உமது ஆவியோடும் இருப்பா… ஆ… ஆ… ராக!”

ரெண்டு குரல். ஒண்ணு மூக்கால. இன்னொண்ணு கட்டைக் குரல், அரை மூச்சு பிந்தி.

பிஷப் விரிச்ச கையை இறக்கல. அந்த ரெண்டு குரலையும் எந்த மணலுக்குள்ள புதைச்சாலும் அவருக்குத் தெரியும்.

“மனாசேயையும் சுவிசேஷமுத்தையும் யாரு கூப்பிட்டது?”

“யாரும் கூப்பிடல” அப்படின்னாங்க டீச்சர். “ஒருத்தர் நேத்து வந்தாரு. ஒருத்தர் விடியக்காலை வந்தாரு. ரெண்டு பேரும் கேட்டது நீங்க கேட்டதுதான். அந்த மேட்டுக்குப் பின்னால ஆளுக்கொரு மூலையைக் காட்டி உக்காரச் சொன்னேன்.”

“செத்தாலும் என்கூடப் பேச மாட்டேன்னு சபை நடுவுல சொன்னவனுங்களாச்சே!”

“பேசலையே. பதில்தானே சொன்னாங்க?”

பிஷப் அந்தப் பக்கம் பாத்தாரு. ஆள் தெரியல. சிவப்புதான் மெதுவா சுத்திக்கிட்டு இருந்துச்சு.



அப்புறம் அந்த மூக்குக் குரல் கேட்டுச்சு.

“என்னவே இராஜரீகம், தூங்கிட்டீரா? அடுத்ததைச் சொல்லும். ரெண்டு பேரும் முழங்கால் போட்டுட்டோம். மணல் சுடுதுவே!”